எண்ணெய் வண்ணத்தில் ஓர் இசைக் கூட்டம்

ஆடிப் பதினெட்டு என்றதும் சோழநாட்டாருக்குக் காவிரியின் புதுப்புனல் நினைவுக்கு வரும். வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் விருதுநகர்ச் சீமையில், அதிலும் சிவகாசியில், அந்நாளுக்கு வேறொரு பொருள் உண்டு. வரும் ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய ஆல்பங்களை அச்சகத்தார் பூசை போட்டு வெளியிடும் நாள் அது. அன்று முதல் அந்த ஆல்பங்கள் ஊர் ஊராகப் பயணம் புறப்படும். பருப்பு மண்டிக்காரர், நகைக் கடைக்காரர், அரிசி ஆலைக்காரர் என்று வணிகர் ஒவ்வொருவர் முன்னும் அவை விரிக்கப்படும். ஒரு பக்கத்தைத் திருப்பினால் முருகன், மறுபக்கத்தில் கஅபாவும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும், அடுத்து வேளாங்கண்ணி மாதா, பிறகு காமராசர், பிறகு எந்த நாட்டு மலையோ, உச்சியெல்லாம் பனி. இவற்றினிடையே, மடியில் வீணையைக் கிடத்தி, பட்டுச் சேலையின் மடிப்புகள் ஒளிர அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படமும் எப்படியோ இடம் பெற்றுவிடும்.

இவை யாவும் ஒரே இயந்திரத்தில், ஒரே மையில் அச்சானவை. இதனைச் சமய நல்லிணக்கம் என்று மேடையில் போற்றுவோர் உண்டு; வெறும் வியாபாரம் என்று நகைப்போரும் உண்டு. இரு சாராரும் சொல்வது மெய்யே. எனினும் அந்த வீணைப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று பின்னோக்கித் தேடிச் சென்றால், நம்மவர் அவ்வளவாகப் பேசாத ஒரு வரலாறு எதிர்ப்படுகிறது. அதன் நடுவில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. அந்த ஓவியத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணும் இருக்கிறாள்.

ஓவியத்தைத் தீட்டியவர் கிளிமானூர் ராஜா ரவிவர்மா. 1848-இல் பிறந்த அவரைப் பதினான்கு வயதில், 1862-இல், ஓவியப் பித்தரான அவருடைய மாமன் ராஜராஜ வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவில் சேர்த்தார். அந்த மாமனுக்கு ஓவியம் கற்பித்தவர், சுவாதித் திருநாள் அவையில் இருந்த மதுரை அழகிரி நாயுடு. ஆக, கேரளத்தின் பெருமை எனக் கொண்டாடப்படும் அக்கலைக்கு வேர் ஒன்று மதுரையில் இருந்தது.

எண்ணெய் வண்ணம் அக்காலத்தில் நம் நாட்டுக்குப் புதிது. தஞ்சாவூர்ப் படங்களில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சின்மேல் பொன்தகடு பதிப்பர். பிசின் கலந்த வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதனால் ஒரு நிறத்தை மற்றொன்றுக்குள் இழைத்து இழைத்துக் கன்னத்தின் மேட்டையும் பட்டின் பளபளப்பையும் கண்முன் கொண்டு வரலாம். இந்த நுட்பத்தை அறிந்தவர் சிலரே. அறிந்தோரும் பிறருக்குச் சொல்லத் தயங்கினர். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் ஓவியராக இருந்த மதுரை இராமசாமி நாயக்கர் இளம் ரவிவர்மாவுக்குக் கற்பிக்க மறுத்தார். நாயக்கரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், தம் ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து கற்றுக் கொடுத்தார் என்பர். 1868-இல் திருவனந்தபுரத்துக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் பாடம் சொல்ல மனமின்றி, தாம் தீட்டுவதை அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் மனம் ரவிவர்மாவை விட்டு ஆறுமுகம் பிள்ளையிடமே போய் நிற்கிறது. அவர் எழுதிய படம் எது என்று உலகம் கேட்பதில்லை. அவர் தம் பிழைப்பையே பணயம் வைத்தல்லவா அந்த இரவுகளில் விளக்கேற்றியிருக்க வேண்டும்! நட்பின் பெயரால் நடந்த காரியம் ஒன்று இவ்வோவியத்தில் உண்டென்றால், அது திரைச்சீலையில் முதல் வண்ணம் படுமுன்னரே நடந்து முடிந்துவிட்டது.

ரவிவர்மாவின் தூரிகை இசையின்பால் சாய்ந்தது தற்செயலன்று. 1873-இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் அவருக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய படம் ‘ஸ்வரபத்’ என்னும் தந்தி வாத்தியத்தை மீட்டும் தமிழ்ப் பெண்ணைப் பற்றியது. அதுவும் பரிசு பெற்றது. பின்னர் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மன்னரின் அன்பளிப்பாக அது சென்றது. அதன்பின் வடநாட்டுப் பயணங்கள். எல்லா மாகாணத்தாருக்கும் பொதுவான ஓர் உடை உண்டா என்று தேடி அவரும் தம்பி சி. ராஜராஜ வர்மாவும் ஊர் ஊராகச் சுற்றினர். அப்படியொன்று இல்லை என்பதே அவர்கள் கண்டது. இல்லாத ஒற்றுமையை ஒரே துணியில் வரைந்துவிடலாம் என்று அவர் எண்ணினாரோ என்னவோ, 1889-இல் அந்தப் பெரிய ஓவியம் உருவாயிற்று. ‘கேலக்சி ஆஃப் மியூசிஷியன்ஸ்’ என ஆங்கிலத்தில் வழங்கும் அதனை ‘இசைவாணியர் திரள்’ என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். இன்று அது மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், ஜயசாமராஜேந்திரர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

படத்தில் பதினொரு பெண்கள். மலையாளத்து நாயர் குலப் பெண் வெள்ளை முண்டுடுத்தி வீணையோடு அமர்ந்திருக்கிறாள். மராட்டியச் சேலைக் கட்டு ஒருத்திக்கு. பார்சிச் சேலை ஒருத்திக்கு. ஐரோப்பியப் பாங்கில் தொப்பியணிந்தவளும் உண்டு. இவர்களோடு, ஆடல் பாடலையே தொழிலாகக் கொண்ட வடநாட்டு முஸ்லிம் பெண் ஒருத்தியும் தன் இனத்து உடையும் அணியுமாகக் காட்சி தருகிறாள். வாத்தியங்கள் பல; நிறங்கள் பல; எல்லார்மேலும் விழுவது ஒரே ஒளி. தேசம் என்ற சொல் நாவில் பழகத் தொடங்கிய காலம் அது. காங்கிரஸ் மகாசபை தோன்றி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பல இனத்துப் பெண்டிரை ஒரே சபையில் கூட்டி வைத்த இப்படத்தை, நட்பின் ஓவியம் என்றும் ஒருமைப்பாட்டின் ஓவியம் என்றும் பின்வந்தோர் புகழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் சற்று நேரம் நின்று பாருங்கள். இத்தனை பேர் கூடியும் ஒருத்தியின் பாட்டை மற்றொருத்தி கேட்பதாகத் தெரியவில்லை. சிலர் நம்மை நோக்குகின்றனர். சிலர் எங்கோ நோக்குகின்றனர். புகைப்படக்காரர் ‘அசையாதிருங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கொண்டாற் போன்ற அமைதி. ஒரு வாத்தியத்துக்கு மற்றொரு வாத்தியம் சுருதி சேர்ந்ததா என்பதே ஐயம். வீணையும் வடநாட்டு வாத்தியமும் ஒரு மேடையில் அமர வேண்டுமானால் யாராவது ஒருவர் தம் ஆதார சட்ஜத்தைச் சிறிது விட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே எவரும் விட்டுக் கொடுத்ததாகத் தோன்றவில்லை. உடைகளின் கூட்டமாகவே இதனைக் காண முடிகிறது. பெண்களுள் எவருக்கும் பெயர் இல்லை. நாயர் பெண், மராட்டியப் பெண், முஸ்லிம் பெண், அவ்வளவே.

குறை சொல்வது என் நோக்கமன்று. அரச மாளிகையின் சுவரில் ஒரு முஸ்லிம் பாடகிக்கு வீணைக்காரியோடு சமமாக இடம் கொடுத்தது சிறிய செயலன்று. ஆனால் அவளுக்குப் பெயர் இல்லாமற் போனதில் ஓவியருக்கு மட்டுமா பங்கு? நம் சமுதாய வரலாறு எழுதப் புகுவோர் புலவர்களைச் சொல்வர், வள்ளல்களைச் சொல்வர், இறைநேசர்களைச் சொல்வர். பாடகர் என்றால் குரல் தாழும். பாடகி என்றால் பேச்சே நின்றுவிடும். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதம் மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக உள்ளது. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆகாது என்று கொள்வோர்க்கும், நடந்ததை நடந்தது என்று எழுதி வைக்கும் கடமை உண்டென்பதே என் வாதம்.

அப்படி எழுதி வைக்க வேண்டிய பெயர்களில் ஒன்று கௌஹர் ஜான். 1873-இல் ஆர்மீனியக் கிறித்தவக் குடும்பத்தில் ஏஞ்சலினா என்ற பெயரோடு பிறந்து, தாயார் இஸ்லாத்தைத் தழுவிய பின் கௌஹர் ஜான் ஆனவர். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் நம் நாட்டில் முதன்முதலாக இசைத்தட்டுப் பதிவு நடத்தியபோது அவருடைய குரலும் மெழுகில் பதிந்தது. தட்டு முடிவதற்கு மூன்று நிமிடமே. அந்தக் குறுகிய நேரத்தில் ஓர் இராகத்தைத் தொட்டு, வளர்த்து, முடித்து, கடைசியில் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொல்லி நிறுத்துவார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுவோர் எது யாருடைய பாட்டு என்று அடையாளம் காண்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. காரணம் எதுவாயினும் ஆகுக. மைசூர் ஓவியம் எழுதப்பட்ட பதின்மூன்றாம் ஆண்டில் ஒரு முஸ்லிம் பாடகி தன் பெயரைத் தன் வாயால் உலகுக்கு உரைத்தாள் என்பதை நினைக்கும்போது மெய் சிலிர்க்கிறது.

அவர் புகழ் எவ்வளவு பரவிற்றெனில், ஆஸ்திரியாவில் செய்து இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகளின்மேல் அவர் படம் ஒட்டப்பட்டது! சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றுவதற்கு முந்திய காலம் அது. அடுப்பு மூட்ட ஒரு குச்சிக்கும் நாம் கடல் கடந்த நாடுகளை எதிர்பார்த்திருந்தோம். அந்த அந்நியத் தீப்பெட்டியின் முகத்தில் நம் நாட்டுப் பாடகி. வாழ்க்கையின் கடைப்பகுதியில் அவர் 1928-இல் மைசூர் அரசவைப் பாடகியாக வந்து சேர்ந்தார். 1930 ஜனவரி 17-ஆம் நாள் மைசூரிலேயே மறைந்தார். பதினொரு பெண்களின் ஓவியம் இருக்கும் அதே ஊர்.

மைசூர் அவை பற்றிப் பேசும்போது அப்துல் கரீம் கான் சாகிபை விட்டுவிட முடியாது. கிரானா மரபின் பெரும் பாடகரான அவர் அவ்வவைக்குப் பலகால் வந்து, தென்னாட்டு வித்துவான்களோடு பழகி, கருநாடக இசையை முறையாகக் கேட்டறிந்தார். தியாகராசரின் கிருதி ஒன்றை இசைத்தட்டிலும் பாடி வைத்தார். வடநாட்டுச் சாரீரம் தென்னாட்டு உருப்படிக்குப் பணிந்து இசைந்த அந்தத் தட்டைக் கேட்டவர்க்கு, ஓவியத்தில் நாம் தேடிக் காணாத ‘விட்டுக் கொடுத்தல்’ இன்னதென்று புரியும். 1937 அக்டோபர் 27-ஆம் நாள், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல் நலிந்து, சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் இறங்கிய அவர், அந்நிலைய மேடையிலேயே இறைவனைத் தொழுது பாடியவாறு உயிர் நீத்தார். தமிழ் மண்ணில் அடங்கிய மூச்சு அது. உடல் மிரஜ் நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்குள்ள தர்காவையொட்டி அடக்கம் செய்யப்பெற்றது.

இனி ஓவியம் அச்சுக்கு வந்த கதைக்குத் திரும்புவோம். திரைச்சீலை ஒன்றே ஒன்று. அதனை வாங்குவோன் மன்னன். ஏழையின் வீட்டுக்கு அது வரவேண்டுமானால் அச்சேற வேண்டும். ரவிவர்மாவின் படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதிகள் எடுக்கலாம் என்று திவான் சர் டி. மாதவராவ் முன்பே யோசனை கூறியிருந்தார். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தமக்கென ஓர் அச்சகமே நிறுவினார். பிறகு அது லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. கடன் சுமையால் ஜெர்மானியர் ஒருவர் கைக்குச் சென்றது. 1972-இல் தீ விபத்தில் அது அழிந்தது. ஆனால் அதற்குள் சரசுவதியும் இலக்குமியும் சகுந்தலையும் குமரி முதல் இமயம் வரை சுவரேறிவிட்டனர். நாட்காட்டியில் நாம் காணும் வீணைப் பெண் அந்தக் குடும்பத்தின் பேத்தி.

அந்த அச்சு முறைக்கு லித்தோ, அதாவது கல்லச்சு, என்று பெயர். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் வரைவர். கல்லை நீரால் நனைப்பர். பிறகு எண்ணெய் மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். ஈர இடம் மையை ஏற்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் போல என்று ஒட்டாத மனிதரைச் சொல்வோமே, அந்த ஒட்டாமையைக் கொண்டே பல நிறம் சேர்ந்த படத்தை ஆக்கிவிட்டான் மனிதன்.

சிவகாசிக்கு இக்கலை வந்தது தீப்பெட்டியின் தோளில் ஏறித்தான். 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த வறண்ட காற்று. மானாவாரி விளைச்சல் பொய்த்த காலத்தில் வேலை தேடும் கைகள். குச்சியும் மருந்தும் உலர்வதற்கு ஏற்ற அதே காற்று வெடிக்கும் ஏற்றது. தாளுக்கும் மைக்கும் ஏற்றது. தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். லேபிலுக்கு அச்சகம் வேண்டும். லேபிலில் பழகிய அச்சகம் நாட்காட்டிக்குத் தாவியது. பின்பு ஆப்செட் இயந்திரங்கள் வந்தன. பெண்களும், சட்டம் கடுமையாகும்வரை சிறுவர் சிறுமியரும், வீட்டுத் திண்ணைகளில் ஒட்டி ஒட்டிக் கை தேய்ந்த அந்தச் சிறு தாள்களில்தான் இத்தனை பெரிய தொழிலின் தொடக்கம் இருக்கிறது.

அச்சகம் இருந்தால் போதாது. எழுதிக் கொடுக்க ஓவியர் வேண்டும். அவர் அண்மையிலுள்ள கோவில்பட்டியில் இருந்தார். சி. கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் சிலகாலம் துறவு வாழ்வை நாடியவர். பின் நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதும் ஓவியராக ஊர்கள் சுற்றியவர். அக்கால நாடகம் என்பது பாதிக்குமேல் பாட்டு. ஹார்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பின்னால் அரண்மனையையும் காட்டையும் தொங்கவிட்டவர் அவர். கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். திருமணம் செய்து கொள்ளவில்லை. மாணவர்களே அவருக்குக் குடும்பம். 1976-இல் மறையும்வரை அவரும் அவர் மாணவர்களும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சேறித் தென்னாட்டு வீடுகளை நிறைத்தன. நாதசுர மேதை காருக்குறிச்சி அருணாசலமும் தம் வாழ்நாளின் பிற்பகுதியை அதே கோவில்பட்டியில்தான் கழித்தார், 1964-இல் மறைந்தார். கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒரே காலத்தில் தூரிகையும் சீவாளியும் இப்படி உச்சியில் நின்றன.

கொண்டையராஜுவின் படங்களில் ஒரு புதுமை உண்டு. பல படங்களின் அடியில் அவர் பெயர் தனியே நிற்பதில்லை. அவருடைய மாணவர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே நிற்கும். ஆசிரியரும் மாணவரும் ஒரே கையொப்பத்தில்! ரவிவர்மாவின் படங்களுக்குப் பின்னணி எழுதித் துணை நின்றவர் அவர் தம்பி ராஜராஜ வர்மா. தாமே சிறந்த ஓவியர். எனினும் சேர்ந்து தீட்டியவற்றில் அண்ணன் பெயரே நிலைத்தது. ஆறுமுகம் பிள்ளையின் கதையை முன்பே கண்டோம். வித்தையை ஒளித்துக் கற்பிக்க வேண்டியிருந்த இடத்திலிருந்து, கற்றவன் பெயரைத் தன் பெயரோடு எழுதி அச்சுக்கு அனுப்பும் இடத்துக்கு வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் நடந்தது அரசவையில் அன்று, நாலணா நாட்காட்டியில்.

கோவில்பட்டிக்கு அருகிலேயே எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளியன்று கண் மூடிய ஊர். பாரதி பிறந்த ஊர். நமக்கோ அது உமறுப் புலவரின் ஊர். எட்டயபுரத்து அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர், முஸ்லிம் சிறுவனான உமறுவைத் தம் மாணவனாக ஏற்றார். தாம் அறிந்த தமிழையெல்லாம் மறைக்காமல் கொடுத்தார். அந்தத் தமிழே பின்னாளில் 5,027 விருத்தங்களாக அண்ணலாரின் திருவரலாறு பாடியது. மாணவன் வேறு சமயத்தான் என்பதற்காகக் கடிகைமுத்துப் புலவர் இரவில் விளக்கைத் தணித்துப் பாடம் சொல்லவில்லை. உமறு புகழடைந்த பின்னும் ஆசிரியரின் பெயர் மாணவர் பெயரோடு பிரியாமல் இன்றளவும் சொல்லப்பட்டு வருகிறது. இது நடந்தது மைசூர் ஓவியத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்.

அந்த ஓவியத்தைப் போன்ற படம் நம் இல்லங்களின் சுவரில் தொங்கியதில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களை மாட்டுவதில் நமக்குத் தயக்கம் உண்டு; அது மார்க்கப் பேணுதலால் வந்தது. நம் கூடங்களில் தொங்கியவை கஅபாவும், மதீனாவும், நாகூர் ஆண்டகையின் ஐந்து மினாராக்களும், திருமறை வசனங்களுமே. ஆயினும் அவற்றின் பச்சையும் பொன்னும் வானத்தின் நீலமும் வந்தது கரிசல் காட்டு ஓவியரின் பள்ளியிலிருந்தும் சிவகாசியின் இயந்திரத்திலிருந்தும்தான். அந்தப் படத்தின் கீழே தொங்கும் தினத்தாளை நாள்தோறும் கிழிக்கிறோம். ஒரே சிறு தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இராகு காலம், அவற்றருகே ரபியுல் அவ்வல் பிறை இத்தனை என்ற குறிப்பும். அடுத்த வீட்டாரின் சுவரில் இருப்பதும் அதே தாள்தான். மேலேயுள்ள படம் மட்டும் வேறு.

இப்போது ஆல்பத்தின் பக்கங்கள் கணிப்பொறியில் அமைக்கப்படுகின்றன. வீணைப் பெண்ணின் கன்னம் முன்னைவிட வழவழப்பாயிருக்கிறது; கஅபாவின் பின்னே வானம் முன்னைவிட நீலமாயிருக்கிறது. படத்தின் அடியில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. ஓவியரின் பெயர் இருந்த மூலை வெறுமையாய்க் கிடக்கிறது. பழைய வீடுகள் சிலவற்றில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓரம் பழுத்த நாட்காட்டிப் படம் இன்னும் தொங்கக் காணலாம். சற்றுக் குனிந்து பார்த்தால் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் இரண்டு பெயர்கள் தெரியும்.